முதல் அடிக்குப் புதுக் கை

நான் வேலை பார்த்த யூனிட்டின் பெண்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. காலை வணக்கப் பூக்களையும் ஸ்கேன் செய்த மருத்துவக் குறிப்புகளையும் பொறுத்துக்கொண்டு நானும் இருக்கிறேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதில் கேட்டிருந்தாள்: "ஸ்பிரிங் இறுக்கத்த அளக்க மீட்டர்தான் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு ஒவ்வொரு மாப்பிள்ளையையும் யாரையாவது புதுசா கூட்டியாந்து அடிக்க விடணும்? டைம் வேஸ்ட்டுதானே?" பதிலை டைப் செய்ய ஆரம்பித்தேன். கட்டைவிரல் வலித்ததே தவிர பதில் முடியவில்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெளியாட்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். கராத்தே, குங்ஃபூ கற்பவர்களுக்கு எதிரே நிற்க ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காதவர்களுக்காக நாங்கள் செய்தது அது. கீழே கனமான இரும்புத் தட்டு, அதன்மேல் ஆளுயரக் குழாய், சுற்றிலும் ஃபோம், மேலே கறுப்பு ரெக்சின். நெஞ்சு உயரத்தில் இரண்டு கைகள், வயிற்றுக்கு நேரே ஒன்று, கீழே ஒரு கால். கைகளின் வேரில் ஸ்பிரிங் இருக்கும். ஒரு கையைத் தட்டிவிட்டால் அது போன வேகத்தில் திரும்பி வரும். வருவதை முழங்கைக்குக் கீழே எலும்புப் பக்கத்தால் தடுத்துவிட்டு, அடுத்த கையால் நெஞ்சில் குத்த வேண்டும். கம்பெனி அதற்கு வைத்த பெயர் ஏதோ ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது. "எவ்ளோ அடிச்சாலும் வாயத் தெறக்காம நிக்கிறானே, இப்படி ஒரு மாப்பிள்ள எந்த ஊட்டுக்குக் கெடைப்பான்?" என்று என் பக்கத்து மேஜை முனியம்மா ஒருநாள் கேட்டாள். அன்றிலிருந்து டிஸ்பாட்ச் சீட்டைத் தவிர எல்லா இடத்திலும் அவன் மாப்பிள்ளைதான்.

எங்களுடையது மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்ன ஷெட். முதலில் பைக்குக்கு ஸ்பிரிங் செய்துகொண்டிருந்தோம். பெரிய கம்பெனிகள் ஆர்டரைக் குறைத்த காலத்தில், ஸ்பிரிங்கை வைத்து வேறென்ன செய்யலாம் என்று முதலாளி யோசித்தார். அவர் மகன் பெங்களூரில் கராத்தே கற்றுக்கொண்டிருந்தான். அந்த வகுப்பின் மாஸ்டர் வந்து சில நாட்கள் எங்களோடு இருந்து முதல் மாப்பிள்ளையைச் செய்ய உதவினார். கையைத் தூக்கித் தடுக்க நான் அப்போது பழகியதோடு சரி. அதற்கு முன் என் வீரம் எல்லாம் பஸ்ஸில் சீட் பிடிப்பதில் இருந்தது.

மாஸ்டர் ஒரே ஒரு விதியை விட்டுவிட்டுப் போனார். மாப்பிள்ளையை எவள் பூட்டுகிறாளோ அவளே அவன் எதிரில் நின்று ஒரு சுற்று அடித்துப் பார்க்க வேண்டும். தடுக்கும்போது கையில் சுருக்கென்று வலிக்க வேண்டும், ஆனால் அடுத்த அடிக்குக் கையைத் தூக்குவதற்குள் அந்த வலி போய்விட வேண்டும். வலியே இல்லை என்றால் ஸ்பிரிங் நட்டை இறுக்கு, வலி போகாமல் நின்றால் தளர்த்து. அதற்குமேல் அளவு கிடையாது.

இந்த விதியைக் காவல் காத்தவர் எங்கள் சூப்பர்வைசர் மஞ்சுநாத் சார். அத்திப்பள்ளிப் பக்கம் வீடு, தினமும் மாநில எல்லையைத் தாண்டி பைக்கில் வருவார். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார், கோபம் வந்தால் இரண்டிலும் பேசமாட்டார். நாங்கள் அடித்துப் பார்த்து ஓகே சொன்ன மாப்பிள்ளையை அவரும் ஒருமுறை பார்ப்பார். அதற்கு ஒரு முறை உண்டு. வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார், வலது சட்டைக்கையை இரண்டு மடிப்பு மடிப்பார், பூஜை அறைக்குள் நுழைகிற மாதிரி செருப்பைக் கழற்றுவார். பிறகு நிதானமாக ஒரு சுற்று. கண்ணை மூடிக்கொண்டு ஸ்பிரிங் அடங்கும் சத்தத்தைக் கேட்பார். பிடிக்கவில்லை என்றால் "இன்னொந்து சல" என்பார். இன்னொரு தடவை என்று அர்த்தம். பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொள்வார். நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்போம்.

இப்படியே வருஷங்கள் ஓடின. மாப்பிள்ளைகள் பெங்களூர், கோயம்புத்தூர் என்று போனார்கள். ஆயுத பூஜைக்கு மெஷின்களோடு அவனுக்கும் பொட்டு வைத்து மாலை போடுவோம். நான் கிறிஸ்தவள்தான், ஆனால் மாலை போடுவதில் முந்திக்கொள்வேன். எங்களுக்கு நல்ல பெயர் இருந்தது. அந்த நேரத்தில்தான் ராயக்கோட்டையிலிருந்து போன் வந்தது.

அங்கே ஒரு பெண்கள் விடுதி. அதன் பி.டி. டீச்சர் எங்களிடம் ஒரு மாப்பிள்ளை வாங்கியிருந்தார். "பிள்ளைங்க கிட்டவே போக மாட்டேங்குதுங்க. போர்வை போத்தி மூலைல நிறுத்தி வெச்சிருக்கேன். வந்து எடுத்துட்டுப் போங்க" என்றார். இன்னும் பல விடுதிகளுக்கு ஆர்டர் வரும் என்று நம்பியிருந்த முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. மஞ்சுநாத் சார் அப்போது லீவில் இருந்தார். செக்போஸ்ட் அருகே மணலில் பைக் சறுக்கி வலது கை முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். அதனால் என்னையும் முனியம்மாவையும் டெம்போவில் அனுப்பினார்கள்.

தக்காளிக் கூடைகள் ஏற்றிய வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். டீச்சர் போர்வையை எடுத்தார். நான் மாப்பிள்ளை எதிரில் நின்று ஒரு சுற்று அடித்தேன். சுருக்கென்றது, போய்விட்டது. முனியம்மா அடித்தாள். அவளுக்கும் அப்படியே.

"நல்லாத்தான் இருக்குது டீச்சர். பிள்ளைங்க கொஞ்சம் சொகுசுபோல" என்று முனியம்மா சிரித்தாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "கல்பனா, இங்க வா" என்று கூப்பிட்டார்.

ப்ளஸ் டூ படிக்கிற பெண். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். டீச்சர் சொன்னதும் தயங்கித் தயங்கிக் கையை மடித்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வீங்கி, நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போயிருந்தது. முனியம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மத்ததுங்க ரெண்டு அடி அடிச்சிட்டு ஓடிடுச்சுங்க. இவ மட்டும் விடியறதுக்கு முன்ன எழுந்து போர்வைய எடுத்துட்டு அடிச்சிருக்கா, எனக்கே தெரியாது" என்றார் டீச்சர். "இவ எடைக்கு இருந்த பொண்ணு படிப்ப நிறுத்திட்டுப் போயிடுச்சு. சின்னதுங்க கூட மோத விட்டா அதுங்க அழுவுதுங்க. அதுக்குத்தான் இத வாங்கினேன். கராத்தே மாநிலப் போட்டிக்கு செலக்ஷன் வருது. இந்தக் கைய வெச்சிக்கிட்டு இவள எப்படி அனுப்புறது?"

மாப்பிள்ளையை டெம்போவில் ஏற்றிக் கயிறு கட்டும்போது கல்பனா வண்டியை விட்டு நகரவில்லை.

"திரும்பக் கொண்டாருவீங்களாக்கா? வலியெல்லாம் எனக்குப் பரவால்லக்கா. இதுவும் போயிடுச்சின்னா எனக்கு எதுக்க நிக்க யாரும் இல்ல."

"கொண்டாருவேன்மா" என்று சொல்லிவிட்டேன். என்ன கோளாறு என்றே தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

ஷெட்டில் மாப்பிள்ளையைக் கழற்றிப் போட்டோம். எங்கள் ஷெட்டில் இன்ஜினியராக இருந்த தம்பி ஸ்பிரிங்கை எடுத்துச் சோதனை மெஷினில் வைத்துப் பார்த்தான், எல்லாம் சரியாக இருந்தது. ஃபோமை மாற்றினோம். ரெக்சினில் மடிப்பு ஏதும் குத்துகிறதா என்று தடவிப் பார்த்தோம். திரும்பப் பூட்டி, நட்டைக் கொஞ்சம் தளர்த்தி அடித்தால் எங்களுக்கு வலியே இல்லை, கை தொளதொளவென்று ஆடியது. விதிப்படி இறுக்கினோம். பழைய இடத்துக்கே வந்து நின்றது. எத்தனை முறை செய்தாலும் இதே கதை. விடுதிகளுக்கு விற்கும் யோசனையே வேண்டாம், கிளப்புகளோடு நிறுத்திக்கொள்வோம் என்று முதலாளி சொல்ல ஆரம்பித்தார். கிளப்புகளில் எதிரே நிற்க ஆள் இருக்கிறார்கள். கல்பனாவுக்கு? கோயிலுக்குப் போனாலும் மாதாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு மஞ்சுநாத் சார் வேலைக்கு வந்த அன்று, பை வைப்பதற்கு முன்பே நான் விஷயத்தைக் கொட்டிவிட்டேன். அவர் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டார். சட்டைக்கையை மடித்தார். கட்டுக்குள் இருந்த கை வெளுத்து, ஒரு சுற்று இளைத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ராயக்கோட்டை மாப்பிள்ளையின் முன் நின்றார். டாக்டர் திட்டுவார் சார் என்று முனியம்மா சொல்வதற்குள் வலது கையால் ஒரு அடியைத் தடுத்துவிட்டார்.

"அய்யய்யப்பா!" என்று கையை மடியில் புதைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். எலும்பு திரும்ப முறிந்துவிட்டதோ என்று நாங்கள் பதறினோம். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து இடது கையால் ஒருமுறை தடுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நோடம்மா, பாருங்க, அந்தக் கைக்கு ஒண்ணும் இல்ல. இந்தக் கைக்குத்தான் உயிர் போகுது" என்றார். "ஜெசிந்தாம்மா, நீங்க அடிங்க."

அடித்தேன். "சுருக்குங்குது சார். அவ்ளோதான்."

"கையக் குடுங்க."

என் கையை வாங்கி எலும்பின் ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். பிறகு முனியம்மாவின் கை. பிறகு தன் இடது கை, கடைசியாகத் தன் வலது கை. முதல் மூன்று கைகளிலும் தோலுக்கு அடியில் விரல் இறங்கவில்லை. அவருடைய வலது கையில் மட்டும் மாவில் அழுத்தியதுபோல் பள்ளம் விழுந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனுஷன் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"தப்பு மாப்பிள்ள மேல இல்லம்மா. நம்ம கை மேல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் அடித்து அடித்து எங்கள் கைகள் காய்த்துப்போயிருந்தன. காய்க்கக் காய்க்கச் சுருக்கென்று வலிப்பதற்கு நட்டை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறோம். யாரும் விதியை மீறவில்லை. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒவ்வொரு நாளும் மாப்பிள்ளை ஒரு மயிரிழை முரடன் ஆகியிருக்கிறான். பழைய கிளப் ஆட்கள் கையும் எங்களோடு சேர்ந்தே காய்த்ததால் அவர்களிடமிருந்து புகார் வரவில்லை. புதுக் கையோடு வந்து நின்ற கல்பனாதான் மாட்டிக்கொண்டாள்.

அடுத்த சில நாட்கள் ஷெட்டில் வேலையும் கூத்துமாக இருந்தது. சாருக்குக் கை முழுதாகக் குணமாகும் வரை அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற பெண்ணைக் கூட்டிவந்து அடிக்கச் சொன்னோம். டீ கொண்டுவருகிற அண்ணனை விடவில்லை, அவர் கிளாஸ் தட்டை வைத்துவிட்டு ஒரே ஒரு அடி அடித்துவிட்டு "நான் என்னம்மா பாவம் பண்ணேன்?" என்றார். ஒவ்வொருவர் வலிக்கும் ஏற்ப நட்டைத் தளர்த்திக்கொண்டே வந்து, எல்லாருக்கும் சுருக்கென்று வந்து போகிற இடம் கிடைத்ததும் போல்ட்டில் அரத்தால் ஒரு கோடு கீறினார் சார். அதற்கு மேலே இடைவெளி விட்டு இன்னும் சில கோடுகள். அடிப்பவரின் கை கெட்டிப்பட்டால் அவரே ஸ்பேனரால் நட்டை அடுத்த கோட்டுக்குத் திருகிக்கொள்ளலாம். அதற்காக நட்டை ரெக்சினுக்கு வெளியே தெரிகிறமாதிரி வைக்க இன்ஜினியர் தம்பி ஒரு வழி செய்து கொடுத்தான்.

ஆனால் சார் அதோடு நிற்கவில்லை. "கோடும் நம்பறதுக்கில்ல. ஸ்பிரிங் மாறும், ஃபோம் மாறும், நம்ம கையும் மாறும்" என்றார். இனி எந்த மாப்பிள்ளையும் வெளியே போகுமுன் அவனை அதுவரை அடித்துப் பழகாத ஒருவர் அடித்துச் சொல்ல வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், லாரி டிரைவர், முதலாளியைப் பார்க்க வந்த விருந்தாளி, யாராக இருந்தாலும் சரி. புதுக் கை என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டோம். எங்கள் ஷெட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் குடிப்பதற்கு முன் ஒரு அடி அடிக்க வேண்டியிருந்தது.

ராயக்கோட்டைக்கு மாப்பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோனபோது சாரும் கூட வந்தார். கல்பனாவின் வீக்கம் வடிந்திருந்தது, பச்சை மட்டும் மிச்சம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அடியைத் தடுத்தாள். கடித்த பல் மெதுவாக விலகியது. இன்னொன்று. பிறகு ஒரு முழுச் சுற்று. நாங்கள் பாடம் படித்த முறையை அவளிடமும் சொன்னோம்: வலி போகாமல் நின்றால் நீ நிறுத்து, வலியே இல்லை என்றால் அடுத்த கோடு.

"இது வேறக்கா, நீங்க மாத்தி எடுத்தாந்துட்டீங்க" என்றாள்.

"அதே மாப்பிள்ளதான்டி. இப்பத்தான் மரியாத கத்துக்கிட்டு வந்திருக்கான்" என்றாள் முனியம்மா.

அந்த வருஷம் செலக்ஷனுக்கு டீச்சர் அவளை அனுப்பவில்லை, கை முழுதாக ஆறட்டும் என்றுவிட்டார். அவள் அழுதாள் என்று கேள்விப்பட்டு எனக்கும் தாங்கவில்லை. ஆனால் அழுதுவிட்டு மறுநாள் விடியலில் மாப்பிள்ளை முன்னால் போய் நின்றாள். அடுத்த வருஷம் கல்லூரியிலிருந்து போய் வெண்கலம் வாங்கி வந்தாள். மெடலை எங்கள் ஷெட்டுக்கு எடுத்துவந்து யாருக்கும் காட்டுவதற்கு முன் மாப்பிள்ளை கழுத்தில் மாட்டிப் போட்டோ எடுத்தாள். மஞ்சுநாத் சார் செருப்பைக் கழற்றிவிட்டு மெடலைத் தொட்டுப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். எங்களுக்குப் புரிந்தது.

சார் இப்போது வேலையை விட்டுவிட்டு ஊரில் பீன்ஸ் பயிர் போட்டிருக்கிறார். முனியம்மா லைன் இன்சார்ஜ் ஆகிவிட்டாள். நானும் ஓய்வு பெற்றேன். கேக் வெட்டினார்கள், சால்வை போட்டார்கள், எல்லாம் ஆயிற்று. சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தற்செயலாக என் கையைத் தடவிப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளே இறங்கியது. இத்தனை வருஷம் உழைத்துச் சேர்த்தது என் உடம்பிலிருந்தே கரைந்துபோய்விட்டதே என்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வயசாச்சில்ல என்பார்கள்.

வாட்ஸ்அப்பில் அந்தக் கேள்வி வந்த சில நாட்களில் முனியம்மா போன் செய்தாள்.

"அக்கா, கல்பனா இங்க மூக்கண்டப்பள்ளில சாயங்காலத்துல கராத்தே க்ளாஸ் எடுக்குதில்ல, ஷிப்டு முடிச்சிட்டு வர்ற பொம்பளைங்களுக்கு? நாப்பது அம்பது வயசுக்காரங்களா வர்றாங்களாம். அவங்களுக்குன்னு மாப்பிள்ள கேக்குது. எங்கிட்ட இருக்கிற புதுக் கையெல்லாம் இருவது வயசுப் புள்ளைங்க. மீட்டர் நம்பர் சொல்லுது, அந்த வயசுக்கு அது வலிக்குமா வலிக்காதான்னு சொல்ல மாட்டேங்குது. உங்க கை இப்ப எப்பிடிக்கா இருக்குது?"

"பஞ்சாட்டம் ஆயிடுச்சிடி" என்றேன்.

"அய்யோ அக்கா, அதாங்கா வேணும்! நாளைக்கே வாங்க."

போனேன். கல்பனாவும் வந்திருந்தாள். அவளுடைய கைகளைப் பார்த்தேன், எங்கள் பழைய கைகளைவிடக் கெட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளை முன் நின்றேன். ஷெட்டே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. தட்டினேன். திரும்பி வந்ததைத் தடுத்தேன். வலி ஏறி முழங்கையில் உட்கார்ந்துகொண்டது, போகவில்லை.

கல்பனா என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "நிக்குதாக்கா?"

"நிக்குதுடி கண்ணு."

அவள் ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்தினாள். பழைய முதல் கோட்டுக்கும் கீழே புதிதாக ஒரு கோடு போட வேண்டியிருந்தது. அரத்தை என் கையில் கொடுத்தாள். நானே கீறினேன்.

வேலை முடிந்து டீ குடிக்கும்போது கேட்டேன், அந்த வகுப்பில் எனக்கும் இடம் உண்டா என்று. இத்தனை வருஷம் அடித்தேனே தவிர, அது என்ன அடி, எதற்குத் தடுப்பு என்று ஒருநாளும் கற்றுக்கொண்டதில்லை. கல்பனா முகம் மலர்ந்துவிட்டது. முனியம்மா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள்.

"வேணாம்கா! க்ளாஸுக்குப் போனா கை காச்சிப்புடும். அப்புறம் நான் இந்த வயசுக்கு யாரைத் தேடுவேன்?"

அடுத்த திங்கட்கிழமையே வகுப்பில் சேர்ந்துவிட்டேன். என் கை மறுபடி கெட்டிப்பட ஆரம்பித்துவிட்டது, இனி அது உதவாது. குழுவில் கேட்ட பெண்ணே, அடுத்த மாப்பிள்ளைக்கு உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா.